மணல் முழுவதும் உள்ளே போன நாள்

1

நான் வசிக்கும் ஊரின் பெயர் போ. பிரெஞ்சில் மூன்று எழுத்து, வாயில் வரும்போது ஒன்றுதான். பிரான்சின் தென்மேற்கு மூலையில் மலையடிவாரத்தில் இருக்கிறது. வேலை கிடைத்ததும் புதுச்சேரியில் நெல்லித்தோப்பு வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா எடுத்தார்.

"எந்த ஊருடி?"

"போ."

"எங்க போறது? ஊரு பேரச் சொல்லு."

"அதான் ஊரு பேரு, போ."

"அப்பன்கிட்டப் பேசற பேச்சா இது" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இன்றும் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "ரெஜினா பிரான்சுல இருக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த ஊருக்கு வந்து போன வாரத்தோடு பத்து ஆண்டுகள் முடிந்தன. அதே வாரம் பிரெஃபெக்சூருக்குப் போனேன். நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஓர் இடம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அட்டையை அங்கேதான் வாங்கவும் புதுப்பிக்கவும் வேண்டும். இதுவரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் பில், வீட்டு வாடகைக் கடிதம், வேலைக் கடிதம், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். பிறப்புச் சான்றிதழ் சமீபத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் பிறந்தது ஒரு தடவைதான். சான்றிதழ் மட்டும் திரும்பத் திரும்பப் பிறக்க வேண்டியிருந்தது. அதற்காகப் புதுச்சேரி நகராட்சியில் வரிசையில் நின்று களைத்துப்போனவன் என் தம்பி சேவியர்.

இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். முறிவுப் பொறியாளர். பிரெஞ்சிலும் முறிவு என்றால் முதலில் எலும்புதான் நினைவுக்கு வரும்.

"எந்த மருத்துவமனை?"

"மருத்துவமனை இல்லை மேடம். பாறை முறிவு. எண்ணெய்க் கிணற்றில் பாறையை உடைக்கும் வேலை."

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்தார். முத்திரை குத்தி, பத்து ஆண்டுக்கான அட்டையை நீட்டினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, அட்டையில் என்னைப் போலவே இல்லாத என் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அட்டை கிடைத்ததற்குக் காரணம் பிரான்சில் நான் செய்த எந்தக் காரியமும் அல்ல. புதுச்சேரியில், தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்தபோது இரண்டு நாளில் நடந்த ஒன்று. ஊரில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அன்று என்னைப் பார்த்தீர்கள். கல்யாண வீட்டில் எந்நேரமும் போனும் கையுமாக அலைகிறாள் என்று பேசிக்கொண்டீர்கள். என்ன நடந்தது என்பதை இப்போது சொல்கிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தோணியம்மா அத்தை என்னை எலும்பு டாக்டர் என்று நினைத்து மறுபடியும் முட்டியைக் காட்டி மருந்து கேட்பார்.

பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது. குளம் போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களில் ஊறிக் கிடக்கிறது. சில பாறை அதைத் தானாக விட்டுவிடும். சில பாறை விடாது. விடாத பாறைக்குள் குழாய் வழியாக, ஒரு தூளைக் கலந்து கஞ்சி போலக் கெட்டியாக்கிய தண்ணீரைப் பெரிய அழுத்தத்தில் செலுத்துவோம். பாறை விரியும். தண்ணீரோடு மணலையும் அனுப்பினால், விரிசல் திரும்ப மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுத்து நிற்கும். அந்த மணலின் ஊடாக எண்ணெய் வந்து சேரும்.

கேட்க எளிதாக இருக்கும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மணல், மணலை எப்போது கலக்கத் தொடங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கணக்கு தப்பினால் மணல் விரிசலின் வாயிலேயே குவிந்து அடைத்துக்கொள்ளும். அழுத்தம் விர்ரென்று ஏறும். பம்புகளை நிறுத்தியாக வேண்டும். குழாய் முழுக்க மணலோடு கிணறு நிற்கும். அதைக் கழுவி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். சில கிணறு பிழைப்பதே இல்லை.

அதனால் முந்தைய நாளே ஒரு சோதனை செய்யலாம். மணலே இல்லாமல் கொஞ்சம் தண்ணீரை மட்டும் செலுத்திப் பாறையைச் சிறிதாக விரியவைத்து, பம்பை நிறுத்திவிட வேண்டும். பிறகு காத்திருப்பதுதான் வேலை. அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். வேகமாக இறங்கினால் பாறை நிறையத் தண்ணீர் குடிக்கிறது என்று பொருள். இறங்கும் கோடு எந்த இடத்தில் மடங்குகிறதோ அங்கே விரிசல் மூடிக்கொண்டது. நிறுத்துவதற்கு முன் பம்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தால், குழாயிலிருந்து பாறைக்குள் போகும் துளைகள் சரியாக இருக்கின்றனவா என்றும் தெரிந்துவிடும். இந்த மூன்றும் கையில் இருந்தால் மறுநாள் வேலையைத் திட்டமிடலாம்.

நான் படித்தது இதைத்தான்.

3

ஆனால் முதல் ஆறு ஆண்டுகள் இதைச் செய்ய யாரும் என்னை விடவில்லை. எங்கள் நிறுவனம் சிறியது. அல்ஜீரியப் பாலைவனத்துக் கிணறுகளுக்குத் திட்டம் வரைந்து கொடுப்போம். மற்றவர்கள் வரைந்த திட்டத்தை நான் அழகாகத் தட்டச்சு செய்து, படங்களுக்கு வண்ணம் போடுவேன். என் பிரெஞ்சு புதுச்சேரியில் மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சு. முதல் நாள் மேலதிகாரி பெர்னாருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு அவர் அறையை விட்டு வெளியே வந்தார்.

"இப்படி எழுதிய கடைசி ஆள் என் கொள்ளுத்தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்கள். எனக்கு நாக்கு வராது. அவர் என்னை நீ என்பார், நான் அவரை நீங்கள் என்பேன்.

சுனாமி வந்துபோன பிறகு இரண்டாவது வருடம் அது. பாலைவனத்தில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு கிணறுகள் பாதியில் மணல் அடைத்து நின்றன. பம்பு பழையது என்று ஒரு கட்சி, குழாய்த் துளைகள் சரியில்லை என்று ஒரு கட்சி. கூட்டத்தில் நான் கை தூக்கினேன்.

"சோதனை செய்யாமல் எதையும் சொல்ல முடியாது. மூன்றாவது கிணற்றில் முந்தைய நாள் அழுத்தச் சோதனை வைப்போம்."

"ஒரு நாள் முழுக்க அத்தனை பேரையும் சும்மா நிற்க வைக்கச் சொல்கிறாய். எதற்கு? ஒரு கோடு இறங்குவதைப் பார்ப்பதற்கா?" என்றார் பெர்னார்.

"ஆமாம். அந்தக் கோட்டைத்தான் இரண்டு தடவையும் நாம் பார்க்கவில்லை."

ஆறு ஆண்டில் அந்த அறையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பெர்னார் பேனாவை மூடி வைத்தார்.

"சரி. ஆனால் சோதனையைப் படித்து அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியது நீ. திட்டத்தில் உன் பெயர் இருக்கும். மூன்றாவதும் அடைத்தால் அந்த வாடிக்கையாளர் நமக்கு இல்லை. இந்தப் பிரிவும் இருக்காது."

பிரிவு இல்லையென்றால் எனக்கு வேலைக் கடிதம் இல்லை. வேலைக் கடிதம் இல்லையென்றால் அந்த ஆண்டு அட்டையும் இல்லை. அதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

கிணற்று வேலை தள்ளிப்போனது. ஒரு வாரம், இன்னொரு வாரம். கடைசியில் சோதனை நாளும் தம்பி கல்யாணத்துக்கு முதல் நாளும் ஒன்றாக வந்து நின்றன.

4

கல்யாணத்துக்கு நானும் மகள் அமலாவும் வந்தோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அமலாவுக்கு அப்போது ஏழு வயது. தமிழில் சொன்னால் புரியும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். தாத்தாவிடம் முதன்முதலாகத் தமிழில் ஒரு வாக்கியம் பேசினாள்: "தாத்தா, நீ தள்ளு." வீடே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாதான், "உட்றி, நீன்னு கூப்ட்டாதான் பேத்தி" என்று தள்ளி உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் நலங்கு. நான்கரை மணிக்குச் சேவியரின் செல்போனுக்கு அழைப்பு வந்தது. கல்யாண மாப்பிள்ளையின் போனைத்தான் நான் கடன் வாங்கி வைத்திருந்தேன். அவனுடைய நண்பர்கள் எல்லாரும் என்னிடம்தான் வாழ்த்து சொன்னார்கள். இந்த முறை பேசியவர் கமால். அல்ஜீரியாவில் கிணற்றின் பக்கத்திலேயே இருக்கும் பொறியாளர். ஐந்து ஆண்டுகளாகப் போனில் மட்டும் பழக்கம்.

"சோதனை முடிந்தது, ரெஜினா. பம்பை நிறுத்தி நாலு மணி நேரம் ஆயிற்று. எண்களை அனுப்பிவிட்டேன். சீக்கிரம் பார். இங்கே ஒருத்தருக்கும் பொறுமை இல்லை."

பக்கத்துத் தெருவில் செல்வி என்பவர் நடத்திய பிரௌசிங் சென்டருக்கு ஓடினேன். மரப்பலகையால் தடுத்த ஆறு அறை, மேலே ஒரு ஃபேன். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்துச் செல்வி எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, நலங்கு வச்சிக்கினு இங்க வந்துட்ட?"

"ஒரு மெயில் பாக்கணும் செல்வி. பெரிய ஃபைலு. எந்த மிஷின் வேகமா இருக்கும்?"

"வேகம்னா எதுவுமே இல்ல. இரு, மத்த அஞ்சுலயும் நெட்ட கட் பண்ணிட்றேன்." சொன்னபடியே செய்தார். ரெயில்வே தேர்வு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "அக்கா பிரான்சுலேர்ந்து வந்துக்குது, அவசரமாம், சித்த இருங்க" என்று அவர்களை உட்கார வைத்தார்.

ஃபைல் இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. எண்களைப் படமாக மாற்றினேன். முதலில் துளைகள். பம்பின் வேகத்தைக் குறைக்கக் குறைக்க அழுத்தம் சீராகக் குறைந்திருந்தது. துளையில் குறையில்லை, குழாயில் குறையில்லை. ஆறு மாதமாக எல்லோரும் சண்டை போட்டது இல்லாத ஒன்றைப் பற்றி.

அடுத்தது இறங்கும் கோடு. சாதாரணப் பாறையாக இருந்தால், அழுத்தம் குறையும் வேகத்தைப் படமாக்கும்போது ஒரு நேர்கோடு கிடைக்கும். எனக்குக் கிடைத்தது மேல்பக்கமாக உப்பிய கோடு. பிறகுதான் அது நேராக இறங்கியது. அந்த உப்பலைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். பாறைக்குள் ஏற்கெனவே பழைய வெடிப்புகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறும்போது அவையெல்லாம் வாய் திறந்து தண்ணீரைக் குடித்துவிடுகின்றன. அழுத்தம் குறைந்ததும் மூடிக்கொள்கின்றன. எங்கள் திட்டத்தில் மணலுக்கு முன்னால் அனுப்ப வைத்திருந்த தண்ணீரை இந்த வெடிப்புகளே காலி செய்துவிடும். விரிசல் அகலுவதற்கு முன்பே மணல் வந்து வாசலில் நிற்கும். முதல் இரண்டு கிணறுகளுக்கு என்ன ஆயிற்று என்பது அந்த மர அறைக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

புதிய திட்டம் எழுதினேன். முன்னால் போகும் தண்ணீரை இரண்டு மடங்காக்க வேண்டும். அதில் முதலில் மாவு போன்ற பொடிமணலைக் கொஞ்சம் கலந்து அனுப்பினால், அது பழைய வெடிப்புகளின் வாயைப் பூசிவிடும். அதன் பிறகு உண்மையான மணலை மெல்லியதாகத் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும். பெர்னாரைப் போனில் பிடித்தேன்.

"இரண்டு மடங்கா? அதற்கு வேண்டிய தூளுக்கும் தண்ணீருக்கும் எங்கே போவது?"

"கமாலிடம் கேட்டேன். தண்ணீர் இருக்கிறது. பொடிமணலும் பழைய வேலையில் மிஞ்சியது கிடக்கிறதாம். தூள் மட்டும் பக்கத்து முகாமிலிருந்து காலைக்குள் வந்துவிடும்."

"ஒரு கோட்டின் உப்பலை வைத்து மொத்தத் திட்டத்தையும் மாற்றுகிறாய், ரெஜினா. அது தப்பாக இருந்தால்?"

"பழைய திட்டம் இரண்டு தடவை தப்பாகிவிட்டது. நீங்கள் என் பெயரைப் போடச் சொன்னீர்கள். போட்டுவிட்டேன். மின்னஞ்சலைப் பாருங்கள்."

அவர் பதில் சொல்வதற்குள் பலகைக்கு மேலே அந்தோணியம்மா அத்தையின் தலை தெரிந்தது.

"ஏண்டி, தம்பிய மணையில ஒக்கார வச்சிட்டு எம்மா நேரமா ஒன்னத் தேடறது? சந்தனம் காயுது."

"வந்துட்டேன் அத்தை, ரெண்டே நிமிஷம்."

"யாருக்கு எலும்பு ஒடஞ்சிதுன்னு இந்த ஓட்டம்?"

போனின் மறுமுனையில், "அங்கே என்ன நடக்கிறது?" என்றார் பெர்னார்.

"கல்யாணம்."

அவர் என் மின்னஞ்சலை முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. பிறகு, "உன் திட்டப்படியே செய்கிறோம்" என்றார்.

கமாலுக்கும் அனுப்பிவிட்டு ஓடினேன். காய்ந்த சந்தனத்தில் பன்னீர் விட்டுக் குழைத்துத் தம்பிக்குப் பூசினேன். "என்னக்கா, போன் சூடா இருக்கு" என்றான் அவன்.

5

மறுநாள் பத்தரைக்கு மாதா கோயிலில் கல்யாணப் பூசை. தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சு நான்தான் போட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் பாலைவனத்தை மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் முடிச்சு இறுக்கமாகத்தான் விழுந்தது.

பன்னிரண்டரைக்கு மண்டபத்தில் முதல் பந்தி. அல்ஜீரியாவில் காலை எட்டு மணி. போன் அடித்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், கை கழுவும் இடத்துக்குப் பின்னால் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த சந்துக்குப் போனேன்.

"தொடங்கிவிட்டோம்" என்றார் கமால்.

பொடிமணல் போனது. தண்ணீர் போனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் அழுத்தத்தைச் சொல்ல, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டேன். அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மில்லில் முப்பது வருடம் பாய்லர் ஓட்டியவர். பத்திரிகையில் இருந்த எண்களைப் பார்த்தவர் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். யாரோ என்னைக் கூப்பிட வந்தபோது, "அவ வருவா, போ" என்று திருப்பி அனுப்பினார்.

பிறகு மணல் கீழே போய்ச் சேர்ந்தது. கமாலின் குரல் மாறியது.

"ஏறுகிறது. நானூற்றுப் பத்து. பன்னிரண்டு. பதினைந்து. வாடிக்கையாளரின் ஆள் நிறுத்தச் சொல்கிறான்."

"எவ்வளவு நேரத்தில் ஐந்து ஏறியது?"

"பத்து நிமிடம் இருக்கும்."

"அது அடைப்பு இல்லை கமால். அடைப்பு என்றால் ஒரு நிமிடத்தில் ஐம்பது ஏறும். விரிசல் நீண்டுகொண்டு போகிறது. அதற்குத்தான் மெதுவாக ஏறும். நிறுத்தாதீர்கள்."

"அவன் கை பொத்தான் மேல் இருக்கிறது."

"நேற்றைய படம் உங்கள் முன்னால் இருக்கிறது இல்லையா? அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது நிறுத்தினால் குழாயில் இருக்கும் மணல் அங்கேயே உட்காரும். மூன்றாவது கிணற்றையும் நம் கையாலேயே அடைத்தவர்கள் ஆவோம்."

போனில் பம்புகளின் இரைச்சலும் இரண்டு பேர் அரபியில் சத்தம் போடுவதும் கேட்டது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, ஏறுதா?"

"ஏறுதுப்பா."

"மெதுவாவா, குதிச்சிக்கினா?"

"மெதுவா."

"மெதுவா ஏறுனா பயம் இல்ல" என்றார்.

நானூற்றுப் பதினெட்டு. பத்தொன்பது. பிறகு பத்தொன்பதிலேயே நின்றது. அதற்கப்புறம் கொஞ்சம் இறங்கவும் செய்தது. மணலைக் கூட்டினார்கள். இன்னும் கூட்டினார்கள். இரண்டாம் பந்தி முடிந்து மூன்றாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது கமால் சொன்னார்:

"மணல் முழுவதும் உள்ளே போய்விட்டது, ரெஜினா. தொட்டியில் ஒரு பிடி மிச்சமில்லை."

சிலிண்டர் மேல் சாய்ந்துகொண்டு அழுதேன். அம்மா ஓடிவந்து, தம்பி கல்யாணத்தை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து, அவளும் அழுதாள். அப்பா மட்டும் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வா, பசிக்குது. ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடலாம்" என்றார். மூன்றாம் பந்தியில் நான் தின்ற அளவைப் பற்றி அத்தை இன்னும் பேசுகிறாராம்.

6

விடுமுறை முடிவதற்குள் கிணறு எண்ணெய் கொடுக்கத் தொடங்கிவிட்டது. போவுக்குத் திரும்பிய அன்று பெர்னார் வாசலில் நின்றிருந்தார். "இனி அந்த இடத்தில் சோதனை இல்லாமல் எந்தக் கிணறும் இல்லை என்று வாடிக்கையாளரே எழுதி அனுப்பியிருக்கிறார். இனிமேலாவது என்னை நீ என்று கூப்பிடு" என்றார். முயற்சி செய்தேன். பாதி வாக்கியத்தில் நீங்கள் வந்துவிட்டது. வேலை நிரந்தரமானது. பிரெஃபெக்சூர் வரிசையில் என் கோப்பு தடித்துக்கொண்டே போனது.

எல்லாவற்றிலும் ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன். அமலாவுக்கு இப்போது பத்து வயது. தமிழ் எழுத்து தெரியாது. கல்யாணம் முடிந்து இரண்டாம் நாளே, "நம் வீட்டுக்கு எப்போது போகிறோம்?" என்று கேட்டாள். நம் வீடு என்று அவள் சொன்னது போவை. நான் இதை எழுதுவதைப் பார்த்து, என்ன எழுதுகிறாய் என்றாள். பிரெஞ்சில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எந்த மொழியில் வந்தால் என்ன என்று அப்போது தோன்றியது.

கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு, நான்காவது கிணற்றுக்கு என்னையே அனுப்பினார்கள். போனில் இல்லை, நேரில். காலை வெயிலில் மணல் மேடுகளுக்கு நடுவே பம்பு லாரிகள் அரைவட்டமாக நின்றன. கமாலை அன்றுதான் முதலில் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிட வயது அதிகம். தலையில் மாட்டிக்கொண்டு பேசும் கருவியை என்னிடம் கொடுத்தார். அங்கே இருந்த நாற்பது பேரில் பெண் நான் ஒருத்திதான். சோதனைத் தண்ணீர் உள்ளே போனது. பாறை விரிந்த இடத்தில் அழுத்தக்கோடு ஒரு கணம் சரிந்து மறுபடி நிமிர்ந்தது. போதுமான அளவு போனதும் சொன்னேன்:

"பம்புகளை நிறுத்துங்கள்."

ஒன்றன்பின் ஒன்றாக எல்லா எஞ்சின்களும் அடங்கின. காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. எதற்கு இந்தக் காத்திருப்பு என்று யாரும் கேட்கவில்லை. மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திரையில் அந்தக் கோடு இறங்கத் தொடங்கியது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.